ஸ்டெப்பர் மோட்டாருக்கு டிரைவரும் பவர் சப்ளையும்: லேபிளில் தொடங்கி மயில் தோகை வரை

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் தம்பி ஒருவர் தன் இயந்திரத்தால் பிளைவுட்டில் வெட்டிய மயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். காவடிக்கு வெட்டியது. தலையும் கழுத்தும் உடலும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. தோகையில்தான் கோளாறு. ஆறாவது இறகுக்கு மேல் ஒவ்வொன்றும் இடப்பக்கமாக நழுவி, கடைசி இறகு உடலோடு ஒட்டாமல் தனியே நின்றது.

“அண்ணே, மோட்டாருக்குப் பலம் போதவில்லை. பெரியதாக வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார்.

நான் மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. பவர் சப்ளை எத்தனை வோல்ட் என்று கேட்டேன். கடை விளக்குப் பலகைக்கு வாங்கியதில் மிஞ்சிய 12 வோல்ட் பெட்டியாம். அதோடு விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய மோட்டார் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தது. சோறு போடாமல் அனுப்பியிருக்கிறார்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் இப்போது வீட்டுப் பின்கட்டிலேயே சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி சொல்கிறபடி மரம் வெட்டும் இயந்திரம், வைத்து மணவறை அலங்காரம், கோயில் பெயர்ப்பலகை, காவடிச் சட்டம் என்று வெட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பாகங்கள் இணையத்தில் தனித்தனியாக வருகின்றன. அடி அடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒருவரிடம், அதற்கு மின்னோட்டத்தை அளந்து விடும் டிரைவர் இன்னொருவரிடம், பவர் சப்ளை கையில் கிடைத்தது. மூன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. செம்பனை ஆலையில் பிட்டராக இருந்த காலத்தில் பெரிய மோட்டார்களோடு மல்லுக்கட்டிய எனக்கே இந்தச் சின்ன மோட்டாரின் குணம் பிடிபடச் சில டிரைவர்களைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

முதல் படி: மோட்டாரின் லேபிளைப் படியுங்கள்

நேமா 17, நேமா 23, நேமா 34 என்பவை முகப்பின் அளவை மட்டும் சொல்கின்றன. 17 என்றால் சுமார் 42 மில்லிமீட்டர், 23 என்றால் 57, 34 என்றால் 86. பலத்தையோ மின்தேவையையோ அந்த எண் சொல்வதில்லை. “என்னிடம் நேமா 23 இருக்கிறது, எந்த சப்ளை போடலாம்?” என்று கேட்பது, “என்னிடம் ஒன்பதாம் எண் செருப்பு இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடலாம்?” என்று கேட்பதுபோல.

தேவைப்படும் எண்கள் மூன்று: ஒரு சுருளுக்கான மின்னோட்டம், சுருளின் மின்தடை, சுருளின் மின்தூண்டம். முதலாவது ஆம்பியரில், இரண்டாவது ஓமில், மூன்றாவது மில்லி ஹென்றியில் இருக்கும். லேபிளில் மின்னோட்டம் மட்டும் இருந்தால், மாடல் எண்ணைத் தேடித் தயாரிப்பாளரின் விவரத்தாளை எடுங்கள். தம்பியின் மோட்டார் நேமா 23, 2.8 ஆம்பியர், 0.9 ஓம், 2.5 மில்லி ஹென்றி. இந்த வழிகாட்டி முழுவதும் அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சில விவரத்தாள்களில் வோல்ட் என்றும் ஓர் எண் இருக்கும். இந்த மோட்டாருக்கு அது 2.5. பலரைக் குழப்புவது இதுதான். 2.8 ஆம்பியரை 0.9 ஓமால் பெருக்கினால் 2.52 வோல்ட். சுருளில் நிலையாக 2.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க அவ்வளவு போதும் என்பதுதான் அதன் பொருள். அதைப் பார்த்துப் பயந்து 5 வோல்ட் சப்ளை தேடியவரை எனக்குத் தெரியும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

மோட்டாரிலிருந்து எத்தனை கம்பி வருகிறது என்றும் பாருங்கள். நான்கு என்றால் சிக்கல் இல்லை. எட்டு என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு அரைச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடராகவோ இணையாகவோ கட்டலாம். இணையாகக் கட்டினால் மின்தூண்டம் தொடர்க் கட்டில் இருப்பதில் கால்பங்கு ஆகிவிடும், மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்படும். வேகமாக ஓட வேண்டிய ரவுட்டருக்கு இணைக்கட்டுதான் என் தேர்வு.

இரண்டாம் படி: வோல்ட்டை முடிவு செய்யுங்கள்

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓடுகிற இயந்திரத்துக்கும் முனகுகிற இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில் இருக்கிறது.

தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்தவுடன் தேர் ஓடிவிடாது. எடை அதைப் பிடித்து வைக்கும்; இழுக்க இழுக்கத்தான் வேகம் ஏறும். சுருளுக்குள் மின்னோட்டமும் அப்படித்தான் ஏறுகிறது. மின்தூண்டம் என்பது தேரின் எடை. மின்னோட்டம் என்பது தேர் நகரும் வேகம். வோல்ட் என்பது வடத்தில் கை வைத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ஆட்கள் கூடினால் தேர் சீக்கிரம் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்த பிறகும் அத்தனை பேரும் இழுத்துக்கொண்டே இருந்தால் தேர் கடைக்குள் புகுந்துவிடும். அதற்காகத்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கூடவே நடக்கிறார். டிரைவர் செய்வது அந்த வேலை. மின்னோட்டம் நாம் குறித்த அளவை எட்டியதும் வெட்டுகிறது. சற்று இறங்கியதும் மறுபடி விடுகிறது. ஒரு வினாடிக்குள் இது பல ஆயிரம் முறை நடக்கிறது. 2.5 வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்தும் அது கருகாமல் இருப்பது அந்த முட்டுக்கட்டைக்காரரின் புண்ணியம்.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். தம்பியின் ரவுட்டரில் 5 மில்லிமீட்டர் ஏற்றமுள்ள பால் ஸ்குரு, அதாவது ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட வேண்டும் என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது வினாடிக்கு 10 சுற்று சுழல வேண்டும். 1.8 பாகை மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 முழு எட்டு (ஸ்டெப், அதாவது அடி). ஆக வினாடிக்கு 2000 எட்டு. ஒவ்வோர் எட்டுக்கும் கிடைக்கும் நேரம் 0.5 மில்லி வினாடி.

அந்த நேரத்துக்குள் சுருளில் மின்னோட்டம் முழுதாக ஏறியாக வேண்டும். ஏற எவ்வளவு நேரமாகும் என்பதற்குத் தோராயக் கணக்கு எளிது: மின்தூண்டத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வோல்ட்டால் வகுங்கள். 2.5 மில்லி ஹென்றி, 2.8 ஆம்பியர் என்றால் பெருக்கல் 7. 12 வோல்ட் என்றால் 0.58 மில்லி வினாடி. கிடைத்த நேரமே 0.5 தான், ஏறி முடிப்பதற்குள் அடுத்த எட்டு வந்துவிடுகிறது. 24 வோல்ட்டில் 0.29. 36 வோல்ட்டில் 0.19. 48 வோல்ட்டில் 0.15. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குவதால் நிஜத்தில் நிலைமை இதைவிட இன்னும் மோசம். ஆனால் எந்தச் சப்ளை எங்கே மூச்சுத் திணறும் என்று காட்ட இந்தக் கணக்கே போதும்.

தம்பியின் மயில் உடலில் நழுவாமல் தோகையில் நழுவியதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. உடலை வெட்டும்போது கத்தி ஒரே கோட்டில் மெதுவாகப் போகிறது. தோகையில் ஒவ்வோர் இறகும் தனித்தனி. ஓர் இறகை முடித்துக் கத்தியைத் தூக்கி, அடுத்த இறகுக்கு முழு வேகத்தில் தாவுகிறது. குட்டித் தாவலில் முழு வேகத்தை எட்டுவதற்குள் இடம் வந்துவிடும், தப்பித்துக்கொள்ளும். மேலே போகப் போகத் தாவல் நீளுகிறது, வேகம் எட்டுகிறது, 12 வோல்ட் கைவிடுகிறது. தாவலில் எட்டு தவறினால் வோல்ட்டைச் சந்தேகியுங்கள். வெட்டும்போது, குறிப்பாக ஆழமாக வெட்டும்போது தவறினால் மின்னோட்ட அமைப்பையோ வெட்டும் வேகத்தையோ பாருங்கள்.

அப்படியானால் வோல்ட்டை எவ்வளவு தூரம் ஏற்றலாம்? இந்தத் துறையில் பழகிப்போன ஒரு விதி உண்டு: மின்தூண்டத்தின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குங்கள். 2.5-இன் வர்க்கமூலம் 1.58, பெருக்கினால் ஏறத்தாழ 50 வோல்ட். அது மேல் எல்லை. அதற்கு மேல் போனால் மோட்டாரின் இரும்பு சூடாகுமே தவிர, பெரிதாகப் பலன் இராது. எல்லையைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தேவையான வேகத்துக்கு 36 போதுமென்றால் 36 போதும். முப்பரிமாண அச்சு இயந்திரத்து நேமா 17-க்கு 24 வோல்ட்டே தாராளம்.

மூன்றாம் படி: டிரைவர்

டிரைவருக்கு இரண்டு வரம்புகள் உண்டு: எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் விடும். விரல் நகம் அளவுள்ள சிப்பைத் தாங்கிய சின்னப் பலகைகளில் ஏ4988 என்பது 35 வோல்ட் வரை, டிஆர்வி8825 என்பது 45 வோல்ட் வரை, டிஎம்சி2209 என்பது 29 வோல்ட் வரை. மூன்றும் நேமா 17-க்கு ஏற்றவை, 2.8 ஆம்பியர் மோட்டாரை இவற்றில் கட்டுவது ஆட்டுக்குட்டி மேல் மூட்டை ஏற்றுவது. டிபி6600 என்ற பெயரில் வரும் மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 42 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். பெட்டியின் மேல் ஒரு பெயரும் உள்ளே வேறு சிப்பும் இருப்பது சாதாரணம் என்பதால் அந்த எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. 24 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதும் இல்லை.

நேமா 23-க்கு நான் பரிந்துரைப்பது டிஎம்542 வகை. 20 முதல் 50 வோல்ட், உச்சத்தில் 4.2 ஆம்பியர் வரை. இங்கே ஓர் எச்சரிக்கை. 50 வரை தாங்கும் என்றதும் 48 வோல்ட் சப்ளையை மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். கத்தியைச் சுமந்து ஓடும் கனமான சட்டம் (கேண்ட்ரி) வேகமாக வந்து திடீரென்று நிற்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். சப்ளையின் வோல்ட் சட்டென்று ஏறும். 48-இலிருந்து 50-ஐத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? வரம்பில் 15, 20 சதவீதமாவது கையிருப்பு வையுங்கள். ஆகவே 50 வோல்ட் டிரைவருக்கு 36 வோல்ட் சப்ளை. 48 வேண்டுமென்றால் 70, 80 வோல்ட் தாங்கும் டிரைவருக்குப் போங்கள்.

நான்காம் படி: எத்தனை வாட்

நான்கு மோட்டார், தலைக்கு 2.8 ஆம்பியர், ஆகமொத்தம் 11.2 ஆம்பியர் சப்ளை வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. தேவையில்லை. முட்டுக்கட்டைக்காரர் வெட்டி வெட்டி விடுவதால் மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டமும் சப்ளையிலிருந்து எடுக்கும் மின்னோட்டமும் ஒன்றல்ல. மோட்டார் நிற்கும்போது இரண்டு சுருளிலும் முழு 2.8 ஆம்பியர் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெப்பமாகச் செலவாவது சுருளுக்கு 7 வாட், இரண்டுக்கும் 14 வாட். 36 வோல்ட் சப்ளையிலிருந்து பார்த்தால் அது அரை ஆம்பியர்கூட இல்லை.

ஓடும்போது கூடும். அதற்கும் சேர்த்து, மொத்த ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் போதும். 11.2-இல் மூன்றில் இரண்டு 7.5. அதை 36-ஆல் பெருக்கினால் 270 வாட். சந்தையில் கிடைக்கும் 350 வாட், 36 வோல்ட் பெட்டி 9.7 ஆம்பியர் தரும். கச்சிதம். அதைவிடப் பெரியது வாங்கினால் கெடுதல் இல்லை; காசுதான் வீண்.

ஸ்விட்சிங் வகையா, டிரான்ஸ்பார்மர் வகையா? முதலாவது எடை குறைவு, வோல்ட் நிலையாக இருக்கும், எங்கும் கிடைக்கும். ஆனால் திருப்பித் தள்ளும் மின்சாரத்தைப் பார்த்தால் சில பெட்டிகள் பயந்து அணைந்துவிடும். இரண்டாவது கனமானது, முரட்டுத்தனமாகத் தாங்கும். நீங்களே கட்டுவதாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது, கவனம். டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை 1.41-ஆல் பெருக்கி, டையோடுகளில் போவதைக் கழித்தால்தான் நேர்மின்னோட்ட (டிசி) வோல்ட். 25 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஏறத்தாழ 34 தரும். “36 வேண்டும், 35 போடுவோம்” என்று 35 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் 48 வந்து நிற்கும். சுமை இல்லாதபோது அதையும் தாண்டும். நம் நாட்டில் 2008 முதல் பெயரளவு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் 10 சதவீதம் ஏறவும் 6 சதவீதம் இறங்கவும் இடமுண்டு. ஏறும் நாளில் உங்கள் 48 எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மின்தேக்கிக்கு, 80,000-ஐ ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோ பாரட் கிடைக்கும். 7.5 ஆம்பியர், 34 வோல்ட்டுக்கு 18,000 அளவு. 63 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். கை வைக்கும் முன் மீட்டரை வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வாக்கு ஸ்விட்சிங் பெட்டிக்குத்தான்.

ஐந்தாம் படி: மின்சாரம் கொடுக்கும் முன்

பல ஸ்விட்சிங் பெட்டிகளின் பக்கவாட்டில் ஓட்டைக்குள் ஒரு சிவப்பு சுவிட்சு இருக்கும். 115, 230 என்று இரண்டு நிலைகள். தொழிற்சாலையிலிருந்து 115-இல் வருவதும் உண்டு. நான் முதன்முதலில் வாங்கிய பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் நேரே பிளக்கில் செருகினேன். பட்டென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மீன் அழுகியதுபோல் நாற்றம். வீட்டிலிருந்து என் மனைவி, “என்ன கருகுகிறது?” என்று கேட்டதற்கு, “ஒன்றுமில்லை” என்று சொன்னேன். நூற்றைம்பது வெள்ளி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. சின்னத் திருப்புளியால் அந்த சுவிட்சை 230-க்குத் தள்ளிவிட்டு, பிறகு செருகுங்கள்.

மூன்று கம்பி கேபிள்தான் பயன்படுத்த வேண்டும். எர்த் கம்பி பெட்டியின் எர்த் முனைக்கும், அங்கிருந்து இயந்திரச் சட்டத்துக்கும் போக வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூசை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள். 350 வாட் பெட்டி முழுச் சுமையில் இழுப்பதே சுமார் 3.5 ஆம்பியர்தான். வீட்டு வயரிங்கில் புதுப் பாயிண்ட் எடுப்பதென்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். லயத்து வீட்டுக் காலத்து வயரிங்கோடு விளையாடாதீர்கள். அதில் எர்த் இருக்கிறது என்று நம்புவதே தவறு.

இன்னொன்று இடி. பிற்பகலானால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும் ஊர் இது. இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கணினிக்குப் போகும் யூஎஸ்பி கம்பியையும் சேர்த்து.

பெட்டியைத் தனியாக ஓடவிட்டு மீட்டரில் 36 காட்டுகிறதா என்று பாருங்கள். முனைகளுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகு வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும். யாராவது அதைத் திருப்பி வைத்திருக்கலாம். பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் பெட்டியிலிருந்தே தனி ஜோடிக் கம்பி இழுங்கள். ஒரு டிரைவரிலிருந்து அடுத்ததற்கு என்று மாலை கட்டாதீர்கள்.

ஆறாம் படி: சுருள் ஜோடி கண்டுபிடித்தல்

கம்பி நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே நிற வரிசை வெவ்வேறு தயாரிப்பாளரிடம் வெவ்வேறு பொருள் தரும். மீட்டரை ஓமில் வைத்து இரண்டு இரண்டாகத் தொடுங்கள். ஓர் ஓம் அளவில் காட்டினால் அது ஒரு ஜோடி. மீட்டர் இல்லையா? ஏதாவது இரண்டு கம்பியை ஒன்றாக முறுக்கி, விரலால் தண்டைத் திருப்புங்கள். கடக் கடக் என்று கனமாகத் திரும்பினால் ஜோடி கிடைத்துவிட்டது.

ஒரு ஜோடி ஏ முனைகளுக்கு, மற்றது பி முனைகளுக்கு. மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றால் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியை மட்டும் மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றாதீர்கள். தளர்ந்து தானாகக் கழன்றாலும் அதே கதிதான்: சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக வழியில்லாமல் வோல்ட் எகிறி டிரைவரை அடித்துவிடும். நான் பலி கொடுத்த டிரைவர்களில் இரண்டு இப்படிப் போனவை. திருகுகளை இறுக்கிவிட்டு ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து வரும் துடிப்பு, திசைக் கம்பிகள் 5 வோல்ட் என்றால் நேராகக் கட்டலாம். 24 வோல்ட் என்றால், டிரைவரே அதை ஏற்கும் என்று எழுதியிருந்தால் தவிர, 2 கிலோ ஓம் மின்தடையைத் தொடரில் போடுங்கள். மோட்டார் கம்பி வலையுறை போட்டதாக இருக்கட்டும். வலையுறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

ஏழாம் படி: டிரைவரின் சின்ன சுவிட்சுகள்

டிஎம்542 வகையில் எட்டுச் சுவிட்சுகள். முதல் மூன்று மின்னோட்டத்துக்கு, நான்காவது நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்குவதற்கு, மற்ற நான்கு மைக்ரோஸ்டெப்புக்கு, அதாவது ஒரு முழு எட்டைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதற்கு. அட்டவணை பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

மின்னோட்ட அட்டவணையில் உச்ச அளவு, ஆர்எம்எஸ் எனப்படும் ஒருவகைச் சராசரி அளவு என்று இரண்டு நிரல்கள் இருக்கும். உச்சம் என்பது சராசரியைவிட 1.4 மடங்கு. 1.00, 1.46, 1.91, 2.37, 2.84, 3.31, 3.76, 4.20 என்று உச்ச அளவுகள் ஏறும். 2.84-க்கு எதிரே சராசரி 2.03 என்று இருக்கும். மோட்டார் லேபிளில் உள்ள 2.8 எந்த நிரலைச் சேர்ந்தது? பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சுருள் தொடர்ந்து தாங்கும் அளவைத்தான் குறிக்கிறார்கள். அந்தக் கணக்கில் 3.76 வரை போகலாம். ஆனால் அவர்கள் சோதித்த இடம் தகரக் கூரைக்குக் கீழே இல்லை. நான் 2.84-இல் தொடங்குவேன். வேலைக்குப் போதவில்லை என்றால் 3.31. அதற்கு மேல் இதுவரை தேவைப்பட்டதில்லை.

மோட்டார் சூடாவதைக் கண்டு பதற வேண்டாம். கையை வைத்து எடுக்கிற சூடு ஸ்டெப்பருக்கு இயல்பு. உடலின் மேல் 80 பாகை செல்சியஸ் வரை பெரும்பாலான மோட்டார்கள் தாங்கும். நான் 65-ஐத் தாண்டவிடுவதில்லை, ஏனென்றால் மோட்டாரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கிகள் 80-ஐ எட்டும் முன்பே இளகிவிடும்.

நான்காவது சுவிட்சு அணைந்திருந்தால் நிற்கும்போது பாதி மின்னோட்டம். இடவலம், முன்பின் அச்சுகளுக்கு அதுவே நல்லது, சூடு குறையும். மேல்கீழ் அச்சுக்கு மட்டும் யோசியுங்கள். கத்தியைச் சுழற்றும் கனமான ஸ்பிண்டிலைத் தாங்கும் பால் ஸ்குரு தானாக இறங்கக்கூடியது. நிறுத்தி வைத்திருக்கும்போது கத்தி மெல்லக் கீழே வந்தால் அந்த அச்சுக்கு முழு மின்னோட்டம் வையுங்கள்.

மைக்ரோஸ்டெப்பில்தான் ஆசை கண்ணை மறைக்கும். ஒரு சுற்றுக்கு 25,600 வரை போட முடிகிறதே, நுணுக்கம் கூடுமே என்று தோன்றும். கூடாது. ஒரு மைக்ரோஸ்டெப் தனியாகத் தள்ளும் விசை, முழு எட்டை 8 துண்டாகப் பிரித்தால் மோட்டாரின் பிடிவிசையில் ஐந்தில் ஒன்று. பதினாறாகப் பிரித்தால் பத்தில் ஒன்று. முப்பத்திரண்டாகப் பிரித்தால் இருபதில் ஒன்று. உராய்வு அதைவிட அதிகம் என்றால் முதல் சில துடிப்புகளுக்கு மோட்டார் அசையவே அசையாது. மொத்தப் பலம் குறைவதில்லை, காகிதத்தில் கிடைத்த நுணுக்கம்தான் மரத்தில் கிடைப்பதில்லை.

எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600. 5 மில்லிமீட்டர் ஸ்குருவுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. ஒரு துடிப்பு 0.003 மில்லிமீட்டர். பிளைவுட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மூச்சு வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் வினாடிக்கு 30,000 துடிப்பு வரைதான் தரும். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் என்றால் எட்டுப் பிரிவில் 16,000 துடிப்பு. பதினாறில் 32,000, அதாவது அப்போதே வரம்பைத் தாண்டிவிட்டது. எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஓட்டிப் பார்த்தல்

ஜிஆர்பிஎல் அமைப்புகளில், மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று சொல்லும் $100, $101, $102 மூன்றும் 320. டிரைவரை இயக்கி அணைக்கும் எனேபிள் கம்பியையும் கட்டியிருந்தால் $1-ஐ 255 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை நின்றதும் மோட்டாரின் பிடி விட்டுப்போகும். முடுக்கம் $120-இல் 100 என்று குறைவாகத் தொடங்கலாம்.

கத்தி இல்லாமல், பலகை இல்லாமல், ஓர் அச்சை மட்டும் நீளவாக்கில் ஓட்டுங்கள். $110-இல் வேகத்தை 500, 500 ஆக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரித்துவிட்டு நின்றுவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து 30 சதவீதம் கழித்து வையுங்கள். பிறகு முடுக்கத்தையும் அதே முறையில் ஏற்றிப் பாருங்கள். மெதுவான ஏதோ ஒரு வேகத்தில் சட்டம் முழுக்க நடுங்கினால் அது மோட்டாரின் அதிர்வு வேகம். அங்கே நின்று வெட்டாமல் சற்று மேலேயோ கீழேயோ நகர்ந்துகொள்ளுங்கள்.

தம்பியின் இயந்திரத்தில் இதை நாங்கள் இரண்டு முறை செய்தோம். அவருடைய 12 வோல்ட் பெட்டியில் 2000-ஐத் தொடுவதற்குள் நின்றது. அவர் தாவல் வேகத்தை வைத்திருந்ததும் அதே 2000-இல்தான். பெட்டியைக் கழற்றி 36 வோல்ட்டை மாட்டி, ஒரு சுவிட்சைக்கூட மாற்றாமல் ஓட்டினோம். 5000 வரை சத்தமில்லாமல் போனது. அதே மோட்டார். 3500 என்று வைத்தோம்.

அடுத்து, நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் டயல் கேஜை மேசையில் நிறுத்தி, கேண்ட்ரி வந்து முள்ளைத் தொடும் இடத்தைப் பூஜ்யம் ஆக்கி, முழு நீளமும் ஐம்பது முறை போய்வரச் செய்தோம். தேநீர் குடித்து முடித்துத் திரும்பியபோது முள் பூஜ்யத்திலிருந்து ஒரு கோடு தள்ளி நின்றது, 0.01 மில்லிமீட்டர். மோட்டாரில் அரை மணி நேரம் கழித்து 52 பாகை. அதன் பிறகுதான் பலகையை வைத்தோம். தோகையில் பத்தொன்பது இறகு. கடைசி இறகு உடலில் போய் ஒட்டிய இடத்தில் தம்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய மயிலை என்ன செய்வது என்று கேட்டார். அதை என் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், 12 வோல்ட் பெட்டியோடு வருகிறவர்களுக்குக் காட்ட.